பிடித்த வேலையும் சம்பளப் பிடித்தமும்

வக்கீல், வங்கி அதிகாரி, மென்பொருள் பொறியாளர் – இந்த மூவரில் யாராவது ஒருவர். வயது முப்பத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில். பத்துப் பன்னிரண்டு ஆண்டு உத்தியோகம், வீட்டுக்கடன், மாதம் தவறாத சம்பளம். ஒருநாள் எல்லாவற்றையும் உதறிவிட்டு, ஊருக்கு வெளியே ஒரு சிறு பீர் ஆலையில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்துவிடுகிறார். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், பின்னால் பளபளக்கும் எவர்சில்வர் தொட்டி, முகத்தில் சிரிப்பு. புகைப்படம் தயார். அமெரிக்க, பிரிட்டிஷ் பத்திரிகைகளுக்கு இந்தக் கதையை எத்தனை முறை அச்சிட்டாலும் அலுப்பதில்லை. ஐ.டி. வேலையை விட்டுவிட்டு நாட்டுமாடு வளர்க்கப் போனவரின் கதை நம் வார இதழ்களில் வருகிறதே, அதற்கு இது பங்காளி முறை.

இந்தக் கட்டுரைகளில் தவறாமல் ஒரு கணக்கு சொல்லப்படும். சம்பளம் பாதியானது உண்மைதான். ஆனால் மனசுக்குப் பிடித்த வேலை கிடைத்துவிட்டது, ஆகவே வரவும் செலவும் நேராகிவிட்டது. படிப்பவர்களும் சரி என்று தலையாட்டிவிடுகிறார்கள். ஆலை நடத்துபவர்கள் ஆளெடுக்கும்போதும் இதே பாட்டுத்தான்: இங்கே காசுக்காக யாரும் வருவதில்லை, ஆர்வத்தில் வருகிறார்கள். குறைந்த கூலி என்பது யாரும் யாருக்கும் செய்த அநியாயம் இல்லை, சந்தோஷத்துக்குக் கொடுத்த விலை என்பது இன்றைக்கு இந்தத் தொழிலில் கிட்டத்தட்ட வேதவாக்கு.

இந்தக் கணக்கு தப்பு. நிலையான உத்தியோகத்தை விடுவது தப்பென்று இங்கே வாதம் இல்லை. அது அவரவர் விருப்பம், அவரவர் வீட்டு நிலைமை. வேலை பிடித்திருக்கிறது என்பதற்காகக் கூலியைக் குறைப்பது எந்த நியாயத்தில், குறைத்த பணம் யார் பையில் போய்ச் சேர்கிறது என்பதுதான் கேள்வி.

மேற்படி கணக்குக்குப் பெரிய இடத்துச் சிபாரிசு உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1776-இல் வெளிவந்த ‘நாடுகளின் செல்வம்’ நூலில் ஆடம் ஸ்மித், இனிமையான வேலைக்குக் கூலி குறையும், அருவருப்பான வேலைக்குக் கூலி கூடும் என்றொரு விதியைச் சொல்கிறார். வேட்டையும் மீன்பிடிப்பும் அவர் தரும் உதாரணங்கள். பணக்காரர்கள் பொழுதுபோக்காகச் செய்யும் அந்த வேலைகளையே பிழைப்பாகச் செய்பவர்கள் எல்லோரும் ஏழைகள் என்கிறார். வீட்டு அடுப்பில் ஞாயிற்றுக்கிழமை பீர் காய்ச்சி நண்பர்களுக்கு ஊற்றிக் கொடுப்பவர்கள் லட்சக்கணக்கில் இருக்கும் அமெரிக்கா போன்ற நாட்டில் இந்த விதி கச்சிதமாகப் பொருந்துவதுபோல் தெரியும். ஆனால் அதே அத்தியாயத்தில் ஸ்மித் சாராயக்கடை, சத்திரம் நடத்துபவரைப் பற்றியும் பேசுகிறார். தன் வீட்டுக்குத் தானே எஜமானாக இல்லாமல், ஒவ்வொரு குடிகாரனின் முரட்டுத்தனத்துக்கும் ஆளாகும் தொழில் அது. இனிமையும் இல்லை, கௌரவமும் இல்லை. ஆனாலும் போட்ட சிறு முதலுக்கு அவ்வளவு லாபம் தரும் தொழில் வேறு அரிது என்பது அவர் கணிப்பு. ஸ்மித்தைத் துணைக்கு அழைப்பவர்கள் வேட்டையோடு நிறுத்திக்கொள்கிறார்கள், சத்திரம்வரை வருவதில்லை.

விதி சரியாகவே இருக்கட்டும். அது பொருந்த ஒரு நிபந்தனை உண்டு: இனிமையை அனுபவிப்பவரும் குறைந்த கூலி வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். பீர் ஆலையில் அப்படியா?

காலை ஐந்தரை, ஆறு மணிக்கு வேலை தொடங்கும். 25 கிலோ மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) மூட்டைகளைத் தோளில் தூக்கி வந்து அரவை இயந்திரத்தில் கொட்ட வேண்டும். அரைக்கும்போது கிளம்பும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் அப்பிக்கொள்ளும். அரைத்த மால்ட்டை 65, 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம்போல ஊறவிட்டால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்த இனிப்புச் சாற்றை வடித்து, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவிட்டு, இடையிடையே கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ போட்டு, குளிரவைத்து, தொட்டியில் ஏற்றி ஈஸ்ட் கலந்தால் காய்ச்சும் வேலை முடிந்தது. அதன்பின் சர்க்கரையைத் தின்று பீராக்குவது ஈஸ்ட்டின் பாடு.

ஆளுக்கு வேறு வேலை காத்திருக்கிறது. சாறு வடிந்தபின் தொட்டியில் நூற்றுக்கணக்கான கிலோ சக்கை தங்கியிருக்கும். பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். மண்வெட்டியாலும் வாருகோலாலும் கடைசிப் பிடி வரை இழுத்துப் போட்டு, தொட்டியின் அடித்தட்டைக் கழற்றிக் கழுவ வேண்டும். அடுத்து, போன வாரம் பீர் இறக்கிய தொட்டி. உள்ளே வட்டமாகப் படிந்த ஈஸ்ட் கறை போகக் காஸ்டிக் சோடாவைச் சூடாகச் சுற்றவிட்டு, நீரால் அலசி, அமிலம் ஓட்டி, மறுபடி அலசி, கடைசியில் கிருமிநாசினி. காஸ்டிக் ஒரு துளி கையுறைக்குள் இறங்கினால் தோல் வழுவழுப்பாகும். எரிச்சல் தெரியும்போது காயம் ஆகியிருக்கும். புளிக்கும் தொட்டிக்குள் கரியமில வாயு நிறைந்திருக்கும், யோசிக்காமல் தலையை உள்ளே விட்டால் மூச்சடைத்துவிடும். இவ்வளவுக்கும் பிறகு பீப்பாய் கழுவுவது, நிரப்புவது, ஏற்றுவது. அமெரிக்க அளவில் நிரம்பிய பெரிய பீப்பாய் ஒன்று 70 கிலோவுக்கு மேல். 2012-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் போர்ட்ஸ்மத்தில் உள்ள ரெட்ஹூக் ஆலையில் பிளாஸ்டிக் பீப்பாயைக் கழுவிக்கொண்டிருந்தபோது அது வெடித்து ஓர் இளம் தொழிலாளி இறந்தார்.

இந்தத் தொழிலில் உள்ளவர்கள் தங்களைத் துப்புரவுப் பணியாளர் என்று கேலியாகச் சொல்லிக்கொள்வது வெறும் தன்னடக்கம் இல்லை. எந்த பீர் காய்ச்சுவது, எந்த ஹாப்ஸ் வாங்குவது, ருசி பார்ப்பது, பெயர் வைப்பது, திருவிழாவில் மேடையேறுவது – இனிமை முழுக்க இங்கேதான் இருக்கிறது. இது முதலாளிக்கும் காய்ச்சும் வேலையை மேற்பார்க்கும் தலைமை புரூமாஸ்டருக்கும் உரியது. மூட்டையும் மண்வெட்டியும் காஸ்டிக்கும் மற்றவர்களுக்கு. பிடித்தம் மட்டும் மூட்டை தூக்குபவர் சம்பளத்தில் விழுகிறது.

ஒரு பால் பதப்படுத்தும் ஆலைக்குள் போனால் இதே எவர்சில்வர் தொட்டிகள், இதே குழாய்கள், இதே காஸ்டிக் சுற்றோட்டம். அமெரிக்காவின் புதிய அலை பீர் ஆலைகளில் முதல் சிலவற்றைக் கட்டியவர்கள், பால்பண்ணைகள் கழித்துப்போட்ட தொட்டிகளை வாங்கி ஒட்டவைத்துத்தான் தொடங்கினார்கள். பால் ஆலைத் தொழிலாளியிடம் போய், உனக்குப் பால் என்றால் உயிராயிற்றே, சம்பளத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடு என்று எந்த மேலாளரும் கேட்பதில்லை. கேட்டால் சிரிப்பார்கள்.

அப்படியானால் சாதித்துக் காட்டியவர்கள்? உத்தியோகத்தை உதறிவிட்டு வந்து பீரில் பேர் எடுத்தவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்களே? இருக்கிறார்கள். அவர்கள் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஜிம் கோக் ஹார்வர்டில் மூன்று பட்டம் வாங்கியவர். பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனத்தில் நல்ல சம்பளத்தில் இருந்தவர். 1984-இல் அந்த வேலையை விட்டார். சேமிப்பிலிருந்து 1,00,000 டாலர் போட்டார். நண்பர்கள், உறவினர்கள், பழைய வாடிக்கையாளர்களிடம் 1,40,000 டாலர் திரட்டினார். அலுவலகத்தில் தன் செயலாளராக இருந்த ரோண்டா கால்மனைக் கூட்டாளியாக்கிக்கொண்டார். கொள்ளுத்தாத்தாவின் அப்பா காலத்துச் செய்முறையைத் தேடி எடுத்தார். தொட்டி ஒன்றுகூட வாங்காமல், பிட்ஸ்பர்க்கில் இயங்கிவந்த ஒரு பழைய ஆலையில் ஒப்பந்தத்துக்குக் காய்ச்சி வாங்கினார். 1985-இல் சாமுவேல் ஆடம்ஸ் லாகர் பாஸ்டன் மதுக்கூடங்களுக்கு வந்தது. 1995-இல் கம்பெனி பங்குச்சந்தைக்குப் போனது. 2013-இல் அவர் பெயர் பில்லியனர் பட்டியலில். கோக்கின் துணிச்சலைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இதில் குறைந்த கூலிக்கு வேலை பார்த்த பாகம் எங்கே? அவர் கூலிக்குப் போகவே இல்லை. முதல் போட்டார், பங்கு எடுத்தார், பங்கு விலை ஏறியது. இந்தக் கதையைக் காட்டி மணிக்கூலிக்கு ஆளெடுப்பது, லாட்டரியில் பரிசு விழுந்தவரைக் காட்டிச் சீட்டு அச்சடிக்கும் பிரஸ்ஸுக்கு ஆள் சேர்ப்பது மாதிரி.

கோக் குடும்பத்தில் பத்திரிகைகள் அதிகம் பேசாத இன்னொருவர் இருக்கிறார்: ஜிம்மின் அப்பா சார்லஸ். அவர் முறையாகப் படித்துத் தேர்ந்த புரூமாஸ்டர், பரம்பரைத் தொழில். இரண்டாம் உலகப்போருக்குப்பின் பெரிய கம்பெனிகள் வட்டார ஆலைகளை ஒவ்வொன்றாக மூடவைத்தபோது, பீரில் பிழைக்க முடியாமல் தொழிற்சாலை ரசாயன வியாபாரத்துக்குப் போனார். மகன் வேலையை விடுவதாகச் சொன்னபோது அவர் துள்ளிக் குதிக்கவில்லை. பிடித்த வேலையை விட்டு நிலையான வருமானத்துக்குப் போனவர் அவர். கைத்தொழில் தெரிந்த மனிதன் கூலி போதாமல் தொழிலை விட்ட இந்தக் கதையைத் துணிச்சல் கதையாக யாரும் எழுதுவதில்லை. கணக்கு நேராகிவிடும் என்பது உண்மையானால் சார்லஸ் கோக் ஏன் போனார்?

ஸ்டீவ் ஹிண்டி, ஏ.பி. செய்தி நிறுவனத்துக்காக பெய்ரூத்திலும் கெய்ரோவிலும் வேலை பார்த்த நிருபர். 1981-இல் எகிப்து அதிபர் அன்வர் சதாத் சுட்டுக் கொல்லப்பட்டபோது பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தவர். நியூயார்க் திரும்பியபின், வங்கியில் இருந்த பக்கத்து வீட்டுக்காரர் டாம் பாட்டருடன் சேர்ந்து 1988-இல் புரூக்லின் பீரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இவரும் உரிமையாளர்தான், இவரும் தொடக்கத்தில் வேறோர் ஆலையில் காய்ச்சி வாங்கியவர்தான். டென்வரின் ஜான் ஹிக்கன்லூப்பர் பின்னாளில் மேயர், கவர்னர், செனட்டர் என்று உயர்ந்ததால் அவர் கதை இன்னும் பிரபலம். புவியியல் வல்லுநரான அவர் எண்ணெய்க் கம்பெனி வேலையை உதறவில்லை; 1986-இல் எண்ணெய் விலை சரிந்தபோது வேலை அவரை உதறியது. இரண்டு ஆண்டு கழித்து விங்கூப் என்ற பீர் விடுதியைக் கூட்டாளிகளோடு திறந்தார்.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி ஜாக் மெக்காலிஃப். கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பல் பழுதுபார்ப்பவராக ஸ்காட்லாந்தில் இருந்தபோது அங்கத்திய பீரில் மயங்கி, கலிஃபோர்னியாவில் பொறியாளர் வேலையை விட்டுவிட்டு, 1976-இல் சொனோமாவில் நியூ ஆல்பியன் ஆலையைத் தொடங்கினார். பற்றவைப்பு, குழாய் வேலை எல்லாம் அவர் கையாலேயே. வாரத்துக்குப் பத்து பீப்பாய்கூடத் தேறாத அந்த அளவில் எவ்வளவு உழைத்தாலும் மிச்சம் நிற்காது. பெரிதாக்கக் கடன் கேட்டார். எந்த வங்கியும் தரவில்லை. 1982-இல் மூடினார், மறுபடி வேறு வேலைக்குப் போனார். பின்னாளில் நியூ ஆல்பியன் வணிகப் பெயரை வாங்கி வைத்திருந்த ஜிம் கோக், 2013-இல் அந்த பீரை மறுபடி வெளியிட்டு லாபத்தை மெக்காலிஃபுக்கே கொடுத்தார்; அது கோக்குக்குப் பெருமை சேர்க்கும் காரியம். ஆனால் மெக்காலிஃபுக்கு ஆர்வம் குறைவாக இருந்ததென்று யாரும் சொல்ல முடியாது. இருந்த ஆர்வம் தொட்டி வாங்க உதவவில்லை.

பீர் ஆலையில் குறைந்த கூலி ஏதோ இன்றைய கலாரசிகர்களின் தியாகம் என்று நினைப்பவர்கள் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். அப்போது அங்கே ஆலைத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள். விடியுமுன்பே தொடங்கி 14 மணி நேரம், சில இடங்களில் 18 மணி நேரம் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் போய்விடும். பல ஊர்களில் ஆலைக்குள்ளேயோ மேஸ்திரி நடத்திய விடுதியிலோதான் தங்க வேண்டும், வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கூலியில் கழியும். இதற்கெல்லாம் ஈடாக ஒரு சலுகை: வேலை நேரத்தில் எவ்வளவு பீர் வேண்டுமானாலும் இலவசமாகக் குடித்துக்கொள்ளலாம். 1910-இல் இந்தத் தொழிலாளர் இயக்கத்தின் வரலாற்றை எழுதிய ஹெர்மன் ஷ்லூட்டரின் நூலில் அந்த வாழ்க்கை விரிவாகப் பதிவாகியிருக்கிறது.

அவர்களும் பீரை நேசித்தவர்கள்தான், அதுவும் ஊரிலிருந்தே கைத்தொழிலாகக் கற்று வந்தவர்கள். நேசித்துக்கொண்டே 1886-இல் பால்டிமோரில் கூடி தேசியச் சங்கம் அமைத்தார்கள். வேலைநிறுத்தம் செய்தார்கள், சங்கத்துக்கு ஒத்துவராத ஆலைகளின் பீரைப் புறக்கணிக்கச் சொல்லி ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்தார்கள், கூலியை உயர்த்தினார்கள். காய்ச்சுபவர், வண்டி ஓட்டுபவர், கொதிகலன் பார்ப்பவர் என்று பிரிக்காமல் ஆலையில் உள்ள எல்லோரையும் ஒரே சங்கத்தில் சேர்த்த முன்னோடிகளும் அவர்களே. நல்ல பீருக்கும் நல்ல கூலிக்கும் பகை இருப்பதாக அவர்களில் யாருக்கும் தோன்றவில்லை. 1920-இல் மதுவிலக்கு வந்து ஆலைகளை மூடிய பிறகு அந்த நினைவும் அறுந்துபோனது. இன்றைக்கு வேலை முடிந்ததும் ஒரு கிளாஸ் இலவச பீர், வாரக் கடைசியில் ஒரு பெட்டி என்பதை நவீன அலுவலகக் கலாசாரம்போல விளம்பரத்தில் போடுகிறார்கள். பழைய சரக்கு.

எதிர்த்தரப்பில் நியாயமான வாதம் ஒன்று உண்டு. சிறு ஆலைகளில் லாபமே இல்லை, கூலியைக் கூட்டினால் மூடவேண்டியதுதான் என்கிறார்கள். லாபம் மெலிந்திருப்பது உண்மை. 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் நூற்றுக்கும் குறைவாக இருந்த பீர் ஆலைகள் இன்று ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டன; குடிப்பவர்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை. 2024-இல் புதிதாகத் திறந்த ஆலைகளைவிட மூடிய ஆலைகள் அதிகம். ஆனால் நெருக்கடி வரும்போது யார் விட்டுக்கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். உங்கள் பீர் அருமை என்று மால்ட் வியாபாரி மூட்டை விலையைக் குறைப்பதில்லை. உங்களுக்கு இந்தத் தொழில் உயிர் என்பதற்காக வங்கி வட்டியைத் தள்ளுவதில்லை. கட்டட உரிமையாளர் வாடகையையும், தொட்டி செய்துகொடுத்த கம்பெனி தவணையையும், அரசாங்கம் வரியையும் ஆர்வத்தின் பேரில் கழித்துக்கொள்வதில்லை. ஆர்வத்தைக் காசாக மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கேட்பது மணிக்கூலிக்காரரிடம் மட்டும்தான்.

லாபம் இல்லாததால்தான் கூலி குறைகிறது என்பவர்கள், பெரும் பணம் வந்த இடங்களில் என்ன நடந்தது என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் புரூடாக் 2007-இல் இரண்டு இளைஞர்கள் தொடங்கியது. அவர்களில் ஜேம்ஸ் வாட் மீன்பிடிப் படகு வேலையிலிருந்து வந்தவர். 2017-இல் ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனம் பங்கு வாங்கியபோது கம்பெனியின் மதிப்பு சுமார் 100 கோடி பவுண்டு என்று கணக்கிடப்பட்டது. 2021 ஜூனில் முன்னாள் ஊழியர்கள் கூட்டாகக் கையெழுத்திட்டு வெளியிட்ட கடிதம், அங்கே நிலவிய பயத்தைப் பற்றிப் பேசியது. வாட் மன்னிப்புக் கேட்டார். பிரிட்டனில் வாழ்க்கைச் செலவை வைத்து ஒரு தனி அமைப்பு கணக்கிடும் நியாயக்கூலி ஒன்று உண்டு; அதைத் தருவதாக ஆண்டுக்கணக்கில் பெருமை பேசிவந்த கம்பெனி அது. 2024 ஜனவரியில், புதிதாகச் சேருபவர்களுக்கு அதைத் தர மாட்டோம், சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலிதான் என்று அறிவித்தது. லண்டனுக்கு வெளியே அந்த ஆண்டு நியாயக்கூலி மணிக்கு 12 பவுண்டு, சட்டக்கூலி 11.44 பவுண்டு. வித்தியாசம் 56 பென்ஸ். 100 கோடி மதிப்பு எட்டிய கம்பெனியிலும் பிடித்தம் பிடித்தம்தான்.

இது ஏன் இவ்வளவு சுலபமாக நடக்கிறது என்பதற்கு ஆராய்ச்சியும் இருக்கிறது. 2009-இல் ஸ்டூவர்ட் பண்டர்சன், ஜெஃப்ரி தாம்சன் என்ற இருவர் அமெரிக்க உயிரியல் பூங்காக்களில் விலங்குகளைப் பராமரிப்பவர்களை ஆராய்ந்தார்கள். பெரும்பாலோர் கல்லூரிப் பட்டதாரிகள், சம்பளமோ சொற்பம். இந்த வேலைக்காகவே பிறந்தோம் என்று நினைப்பவர்களே அதிகம் விட்டுக்கொடுத்தார்கள். நிர்வாகம் அதைப் பயன்படுத்திக்கொள்ளுமோ என்று அதிகம் சந்தேகப்பட்டவர்களும் அவர்களேதான். பத்தாண்டு கழித்து டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே யுன் கிம்மும் சகாக்களும் நடத்திய ஆய்வு இன்னும் சங்கடமானது. வேலையில் ஆர்வமுள்ளவர் என்று சொல்லப்பட்ட ஊழியரைச் சம்பளமில்லாமல் கூடுதல் நேரம் வேலை வாங்குவதும், அவர் வேலைக்குச் சம்பந்தமில்லாத கழிப்பறை கழுவுவதை அவர் தலையில் கட்டுவதும் அவ்வளவு தப்பாகப் பலருக்குத் தெரியவில்லை. மோசமாக நடத்தப்படும் ஊழியரைப் பார்த்து, பிடித்திருப்பதால்தானே இருக்கிறார் என்று பின்னோக்கி ஊகிப்பவர்களும் இருந்தார்கள். பத்திரிகைகள் அச்சிடும் அந்தச் சிரித்த முகம் வெறும் அலங்காரம் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. அது கூலியைக் குறைக்கும் வேலையைச் செய்கிறது.

இன்னொன்றும் உண்டு. சம்பளக் குறைப்பை யாரால் தாங்க முடியும்? பத்தாண்டு வக்கீல் வருமானமும் சொந்த வீடும் உள்ளவரால் முடியும். கணவனோ மனைவியோ நல்ல வேலையில் இருந்தால் முடியும். பள்ளிப் படிப்போடு நின்று, வாடகை வீட்டில் இரண்டு குழந்தைகளோடு இருப்பவரால் முடியாது. அவர் சேரப் போகும் இடத்துக்கு, பாதிச் சம்பளம் போதும் என்று சொல்லிக்கொண்டு முன்னாள் மேலாளர் ஒருவர் வந்து நின்றால் கூலி எந்தப் பக்கம் போகும்? அமெரிக்கச் சிறு பீர் ஆலைகளில் கறுப்பினத்தவர் அரிதாக இருப்பதற்குப் பல காரணங்கள். நுழைவுக் கட்டணம்போல நிற்கும் இந்தக் கூலியும் அதில் ஒன்று. புரூக்லின் ஆலையின் புரூமாஸ்டராக 1994 முதல் பேர் பெற்ற கேரட் ஆலிவர், 2020-இல் கறுப்பினத்தவருக்கும் பிற சிறுபான்மையினருக்கும் காய்ச்சும் படிப்புக்கு உதவித்தொகை தர ஓர் அறக்கட்டளை தொடங்கினார். நல்ல காரியம். ஆனால் படித்து வெளியே வந்ததும் கிடைக்கும் கூலியைச் சரிசெய்வது உதவித்தொகையால் ஆகிற வேலை இல்லை.

ஜெர்மனியில் பீர் காய்ச்சுவது ஒரு தொழிற்கல்வி. மூன்றாண்டுப் பயிற்சி, முதல் மாதத்திலிருந்தே ஆலை உதவித்தொகை தர வேண்டும், தொழிற்பள்ளி, தேர்வு, சான்றிதழ், விரும்பினால் மேல்நிலைத் தகுதி. பல ஆலைகளில் கூலி உணவுத் தொழிலாளர் சங்கத்தோடு பேசி முடிவாகிறது. அங்கே சின்ன ஊர் ஆலைகளும் கஷ்டத்தில்தான் இருக்கின்றன, பல மூடுகின்றன, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் பவேரியாவின் காய்ச்சுநரிடம் போய், ஆர்வத்துக்காகக் கூலியில் எவ்வளவு விட்டுக்கொடுத்தீர்கள் என்று கேட்டால் கேள்வியே அவருக்குப் புரியாது. தச்சர், மின்பணியாளர் போல அவரும் தொழில் தெரிந்தவர். பீர் கெட்டுப்போய்விடவும் இல்லை.

அமெரிக்காவிலும் எதிர்க்குரல் இல்லாமல் இல்லை. சான்பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலையை 1965-இல் ஃப்ரிட்ஸ் மேடாக் வாங்கிக் காப்பாற்றியதைத்தான் இந்தப் புதிய அலையின் தொடக்கமாகச் சொல்வார்கள். 2019-இல் அங்கே தொழிலாளர்கள் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தார்கள். அந்த ஊர் வாடகைக்கு அந்தக் கூலி கட்டவில்லை என்பதே பிரதான குறை. 2023 ஜூலையில் உரிமையாளரான ஜப்பானின் சப்போரோ நிறுவனம் ஆலையை மூடியது. சங்கம் சேர்ந்ததால்தான் மூடியது என்று சிலர் குதித்தார்கள். விற்பனை அதற்கு ஆண்டுக்கணக்கில் முன்பிருந்தே சரிந்துகொண்டிருந்ததை அவர்கள் சொல்வதில்லை. மூடிய பின் ஆலையைத் தாங்களே வாங்கிக் கூட்டுறவாக நடத்த முடியுமா என்று முயன்றவர்களும் அதே தொழிலாளர்கள்தான். ஆர்வம் இல்லாதவர்கள் செய்கிற காரியமா அது?

கொலராடோவின் நியூ பெல்ஜியம் இன்னொரு வழியைக் காட்டியது. மின்பொறியாளர் ஜெஃப் லெபெஷும் சமூக சேவகியாக இருந்த கிம் ஜோர்டனும் 1991-இல் வீட்டு நிலவறையில் தொடங்கிய ஆலை அது. தொழிலாளர்களுக்குப் படிப்படியாகப் பங்கு கொடுத்து, 2012 முடிவில் முழுக்கவும் அவர்களுக்கே சொந்தமானது. 2019-இல் ஜப்பானின் கிரின் குழுமத்துக்கு விற்றபோது 300-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குத் தலைக்கு 1,00,000 டாலருக்கு மேல் ஓய்வூதியப் பணம் வந்தது. விற்பனையைத் தொழிலாளர்களே வாக்களித்து ஏற்றார்கள். கிரினுக்கு மியான்மர் ராணுவத்தோடு தொடர்புள்ள வியாபாரம் அப்போது இருந்ததைச் சொல்லி எதிர்த்தவர்களும் உண்டு, விற்றபின் சொந்தம் போய்விட்டதே என்று வருந்தியவர்களும் உண்டு. இரண்டும் சரியான குறைதான். ஆனாலும், ஆலைக்காக விட்டுக்கொடுத்தது எழுத்தில் பதிவாகி, வட்டியோடு திரும்பி வந்த இடம் அது. மற்ற இடங்களில் விட்டுக்கொடுத்ததற்குச் சீட்டு கிடையாது.

அதே கொலராடோவில் 2021 முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது: ஆளெடுக்கும் விளம்பரத்தில் சம்பளத்தை எண்ணில் போட்டே ஆக வேண்டும். கலிஃபோர்னியாவில் 15 பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கு 2023 முதல் அப்படியே. அனுபவத்துக்கேற்ற சம்பளம், ஆர்வமுள்ளவர்கள் வரவேற்கப்படுகிறார்கள், வாரம் ஒரு பெட்டி பீர் என்று மழுப்ப அங்கே வழியில்லை. பீர் ஆலைக்குப் போக நினைப்பவர் அதே ஊரின் பால் ஆலை விளம்பரத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். தொட்டி ஒன்று, காஸ்டிக் ஒன்று, வேலை நேரமும் ஏறக்குறைய ஒன்று. இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை 40 மணி நேரத்தாலும் 52 வாரத்தாலும் பெருக்கிப் பார்த்துவிட்டு, அதற்கு ஈடாக ஆலையில் எத்தனை பங்கு தருவீர்கள் என்று நேர்காணலிலேயே கேட்கலாம்.